காக்கா விளக்கு

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கேள்வியை எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டினான். நகராட்சியின் இணையப் பலகையில் குடிமக்கள் யாரும் எதையும் கேட்கலாம் என்று ஊரெல்லாம் போர்டு வைத்திருந்தார்கள். அவன் அதை நம்பினான். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கேள்வி இது: "பெரிய சாலையைக் கடக்கப் பாலமா, சுரங்கப்பாதையா என்று முடிவாகும்வரை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு போட முடியுமா?"

வசவு இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. கடைசியில் நன்றி என்றுகூடப் போட்டிருந்தான்.

நான்காவது விநாடியில் பதில் வந்தது. "தங்கள் கேள்விக்கு நன்றி. தாங்கள் எலி. பதில் அளிக்கப்பட்டது."

எண்ணெய் பட்டு எழுத்து மாறித் தெரிகிறதோ என்று ஃபோனைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். எலிதான்.

ஊர் நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரை நடுவில் பிளந்துகொண்டு ஒரு பெரிய சாலை போகிறது. அதைக் கடக்க வழி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மேலே பாலம் கட்ட வேண்டும் என்று பாதி ஊர் சொன்னது. கீழே சுரங்கம் தோண்ட வேண்டும் என்று மீதி ஊர் சொன்னது. ஆறு வருடமாகப் பேசினார்கள். முதல் வருடம் செலவு, வெள்ளம், முதியவர்கள் ஏறுவது இறங்குவது என்று காரணங்கள் இருந்தன. இரண்டாம் வருடம் பாலத்தரப்பை யாரோ காக்கா என்றார்கள். பதிலுக்குச் சுரங்கத்தரப்பை எலி என்றார்கள். அதற்குப் பிறகு காரணங்கள் தேவைப்படவில்லை. நகராட்சியும் பார்த்தது. மக்களுக்கு வசதியாக இருப்பதை அரசாங்கம் ஏன் தடுக்க வேண்டும்? கருத்து வகைப்பாட்டு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்து, இரண்டு பெயர்களையும் அரசாணையில் ஏற்றிவிட்டது.

ஆறு வருடத்தில் சாலையில் பதினான்கு பேர் செத்திருந்தார்கள். பதினோராவது ஆள் மெக்கானிக்கின் மனைவி. அவன் அதைக் கேள்வியில் எழுதவில்லை. விளக்கு எரிய அது தேவையில்லை.

அவன் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஒன்றாம் வகுப்பு சாலைக்கு இந்தப் பக்கம். இரண்டாம் வகுப்பிலிருந்து அந்தப் பக்கம். மூன்று வாரத்தில் பள்ளி திறக்கிறது. காலையில் அவனே கையைப் பிடித்துக்கொண்டு போய் விடலாம். மத்தியானம் மூன்றரைக்கு எந்தக் கட்டடத்தின் எந்தக் குழிக்குள் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. விஷயம் அவ்வளவுதான்.

மாலைக்குள் அவன் கேள்விக்கு அடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விளக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவனுடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒருவர், இவன் லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற ஆள், அசல் எலி என்று கண்டுபிடித்திருந்தார். இன்னொருவர், லிஃப்ட் மேலேதானே போகிறது, இவன் மாறுவேடத்தில் வந்த காக்கா என்றார். இரண்டாவது கருத்துக்கு விருப்பக்குறி கூடுதலாக விழுந்ததால், ஆறு மணிக்குப் பலகையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. "தாங்கள் காக்கா. பதில் அளிக்கப்பட்டது."

வீட்டில் அப்பா காத்திருந்தார். ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர்; ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி. ஓட்டுநர் சங்கமே சுரங்கத்தரப்பு, அவர் அதில் செயற்குழு. ஷூவைக் கழற்றவிடாமல், நீ காக்காவாமே என்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. மனைவியின் அண்ணன். ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவர், பாலத்தரப்பின் எல்லா பேனரும் அவர் மெஷினில்தான் வெளியே வரும். "மாப்ள, நீங்க எலின்னு சொல்றாங்களே, நிஜமா?" என்றார். தங்கை செத்த பிறகு அவர் ஃபோன் செய்வது அது மூன்றாவது தடவை.

ஃபோனை வைத்துவிட்டு அவன் மகளுக்குத் தலை வாரிவிட்டான்.

நான்காம் நாள் வகைப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு நபர் பெயரில் இரண்டு வகைகள் பதிவாகியுள்ளன. இது விதிக்குப் புறம்பானது. நேரில் வந்து ஒன்றைக் கைவிடவும்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். கீழே லிஃப்ட் எட்டு மாதமாக நின்றிருந்தது. கதவில் இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருந்தார்கள். எலிகள் கம்பியைக் கடித்துவிட்டன என்றது ஒன்று. காக்காக்கள் மேலே கூடு கட்டிவிட்டன என்றது மற்றது. மெக்கானிக் இரண்டையும் படித்துவிட்டுக் குனிந்து கதவு ஓடும் பள்ளத்தைப் பார்த்தான். ஒரு பேனா மூடி மாட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தான். கதவு மூடியது. பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் ஏறி இறங்கியது.

படியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. வாசல் பியூன் நோட்டோடு ஓடிவந்தார்.

"யார் சொல்லி சார் சரி பண்ணீங்க?"

"யாரும் சொல்லலை. பேனா மூடி மாட்டியிருந்துச்சு."

"அது இருக்கட்டும் சார். யார் தரப்புல சரி பண்ணீங்க? இவங்க ஏறணுமா வேண்டாமான்னு நான் சொல்லணும்ல."

தரப்பு எதுவும் இல்லை என்று அவன் சொன்னதும் பியூன் முகம் வாடிப்போனது. மக்கள் மறுபடி படியேற ஆரம்பித்தார்கள். அவன் மட்டும் லிஃப்டில் போனான்.

மேலே ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், மேசை முழுக்க ரப்பர் ஸ்டாம்ப்பும் மை அட்டையுமாக உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எதை வச்சுக்கறீங்க என்று கேட்டார். துணிக்கடையில் கேட்பது போலத்தான் இருந்தது. மெக்கானிக், தன் கேள்வியை யார் படித்தது என்று விசாரித்தான்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "கேள்வியை எதுக்கு சார் படிக்கணும்? கேட்டது யாருன்னு தெரிஞ்சா போதாதா?"

"யாருன்னு எப்படித் தெரியும்?"

"அதான் எலின்னு போட்டிருக்கே."

"எலின்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நீங்க கேள்வி கேட்டீங்களே சார்."

இதற்கு மேல் தனக்கு அதிகாரமில்லை என்று அவனை இயக்குநரிடம் அனுப்பினார்.

இயக்குநர் அறையில் ஏசி ஓடியது. சுவரில் ஒரு வரைபடம், அதிலிருந்த கோடு இடது மூலையில் மலை உச்சியில் தொடங்கி வலது மூலையில் தரையில் படுத்துவிட்டது. இயக்குநர் மரியாதையானவர், எழுந்து நின்று உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். பிறகு வரைபடத்தைக் காட்டிப் பேசினார்.

"பாருங்க தம்பி. முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இருபத்தொரு நாள் ஆச்சு. இப்ப நாலு செகண்ட். எப்படின்னு நினைக்கிறீங்க? அப்பல்லாம் கேள்வியை மூணு பேர் உட்கார்ந்து படிப்பாங்க. படிச்சா புரிஞ்சுடும். புரிஞ்சா பதில் சொல்லியாகணும். பதில் சொன்னா, அதுலேர்ந்து அவங்க இன்னொரு கேள்வி கேப்பாங்க. இதுக்கு ஒரு முடிவு வேணாமா? நாற்பதாயிரம் கேள்வி தேங்கிக் கிடந்துச்சு. நான் பொறுப்பேத்து ஒரே வாரத்துல ஒண்ணு பாக்கியில்லாம முடிச்சேன். வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க."

மாற்றுக் கருத்து உள்ளவர்களை இந்த அலுவலகம் ஒருபோதும் ஒதுக்கியதில்லை என்றும், அவர்களுக்கென்றே தனியாக ஒரு பெயரும் அந்தப் பெயருக்கு ஒரு ஸ்டாம்ப்பும் வைத்திருப்பதாகவும் அவர் சொன்னார். சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுத்தது.

தான் பாலமும் கேட்கவில்லை, சுரங்கமும் கேட்கவில்லை, ஒரு விளக்குதான் கேட்டேன் என்றான் மெக்கானிக்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். இது சிக்கலான விஷயம் என்றார். இரண்டில் எதுவும் இல்லாத ஆள் கேட்டால், அதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. உடனே பெயர் சூட்டும் குழுவைக் கூட்டினார்.

குழுவில் மூன்று பேர். ஒரு மொழிப் பேராசிரியர், ஒரு புள்ளிவிவர நிபுணர், ஒரு மக்கள் பிரதிநிதி. மக்கள் பிரதிநிதி கடைசிவரை ஃபோனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பலகையில் மக்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வௌவால் என்ற பெயரை முன்மொழிந்தார். பல்லும் உண்டு, இறக்கையும் உண்டு, எந்தப் பக்கமும் சேராது. நிபுணர் மறுத்தார். வௌவால் தலைப்பைப் போன வருடமே மூடியாகிவிட்டது; அதில் ஏகப்பட்ட பேர் சேர ஆரம்பித்தார்கள், ஒரு கட்டத்தில் காக்காவையும் எலியையும் கூட்டினாலும் வௌவால் அதிகமாக இருந்தது, ஊர் ஒற்றுமைக்கு அது நல்லதல்ல என்று நிறுத்திவிட்டோம் என்றார். சரி, பச்சோந்தி என்றார் பேராசிரியர். அதை அலுவலர்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது என்றார் நிபுணர்.

இப்படியே முக்கால் மணி போனது. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நிபுணர் ஏதோ தோன்றி அவன் பெயரையும் முகவரியையும் கணினியில் தட்டினார். தட்டிய கை நின்றது.

"உங்க மனைவி லிஸ்ட்ல இருக்காங்களே. பதினோராவது நம்பர்."

"ஆமா."

"அந்த ரோட்டுலயேவா?"

"ஆமா."

"ஏன் கேள்வியில எழுதலை?"

"கேள்விக்கு அது தேவைப்படலை."

நிபுணர் திரையிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தார். இப்போது புரிந்திருக்கும் என்று மெக்கானிக் நினைத்தான். நிபுணரின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"அப்ப துக்க வியாபாரி," என்றார்.

பேராசிரியர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, ஓசை நன்றாக இருக்கிறது என்று கையெழுத்திட்டார். மெக்கானிக், தான் எதையும் விற்கவில்லையே என்றான். விற்காதவர்களுக்கும் இந்தத் தலைப்பு பொருந்தும் என்று நிபுணர் தைரியம் சொன்னார்.

வெளியே வந்தபோது இயக்குநர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். அவருக்கும் மனசு இருந்தது. விதிக்குள் ஒரு வழி இருக்கிறது என்றார். செத்த பதினான்கு பேரில் பாலத்தரப்பு ஒன்பது பேரைத் தங்கள் ஆள் என்கிறது, சுரங்கத்தரப்பு எட்டு பேரை.

"கூட்டினா பதினேழு வருதே," என்றான் மெக்கானிக்.

"மூணு பேரை ரெண்டு தரப்பும் கேக்குது தம்பி. உங்க வீட்டம்மா அதுல ஒருத்தங்க. சண்டையில்லாத கணக்குல பாலத்துக்கு ஆறு, சுரங்கத்துக்கு அஞ்சு. எந்தத் தரப்புக்கு ஏழு, அதாவது சரிபாதி கிடைக்குதோ, அவங்க ஒரு இடைக்காலக் கோரிக்கை வைக்கலாம். உங்க மனைவி பாலத்தரப்புன்னு நீங்க கையெழுத்துப் போட்டா ஏழு ஆயிடும். பாலத்தோட இடைக்கால விளக்குன்னு நான் ஒரே நாள்ல போட்டுத் தரேன்."

"சுரங்கத்தரப்புன்னு போட்டா?"

"ஆறுக்கு ஆறு. இன்னொருத்தர் சாகிற வரைக்கும் காத்திருக்கணும்."

மெக்கானிக் படிவத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பாலம் பற்றியோ சுரங்கம் பற்றியோ அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தான். அப்பாவும் மச்சானும் சமையலறை வாசலில் ஒருமுறை கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, எது வந்தாலும் படி குறைவா இருக்கட்டும் என்றாள். ஆறு வருடத்தில் அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

காக்கா என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டான். ஸ்டாம்ப் அம்மாள் படிவத்தை வாங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் பையனும் அந்த ஸ்கூல்தான் சார்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஓங்கிக் குத்தினார்.

அன்று சாயங்காலமே செய்தி பலகையில் வந்துவிட்டது. அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார்.

"உயிரோட இருக்கிறவனுங்களைச் சொன்னா பரவாயில்லைடா. செத்தவளைப் போய் காக்காவாக்கிட்டியே."

"விளக்கு வருதுப்பா."

"நான் ரெண்டாவது ஷிஃப்ட் முடிச்சு வர்ற வரைக்கும் சாப்பிடாம உட்கார்ந்திருப்பா. எலி வீட்டுச் சோத்தைத்தான் தின்னா. அவளுக்கு நீ இந்தப் பேரு வாங்கிக் குடுத்திருக்க."

அதோடு மகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே பாத்ரூம். சோப்பு தீர்ந்ததுகூடப் பேத்தி வழியாகத்தான் தெரிந்தது.

மச்சான் மறுநாள் அளவு டேப்போடு வந்தார். மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு மாப்ள. இருபதுக்குப் பத்துல அடிச்சிருவோம்," என்றார். என்னத்தை என்று கேட்கத் தோன்றவில்லை. குழந்தையிடம், மாமா யார் தெரியுமா, சொல்லு, காக்கா என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

விளக்கு புதன்கிழமை நட்டார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். இந்தச் சிவப்பு சாதாரணச் சிவப்பு அல்ல, பாலத்தின் சிவப்பு என்று பேசினார். கைதட்டல் அடங்குவதற்குள் பலகையில் அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. காக்கா விளக்கு.

அன்று மாலை சுரங்கத்தரப்பு அவசரமாகக் கூடியது. காக்கா விளக்குக்கு நிற்பது கொள்கைத் துரோகம் என்று தீர்மானம் போட்டது. ஓட்டுநர் சங்கம் அதை வழிமொழிந்து டிப்போவில் ஒட்டியது. பாலத்தரப்பும் சும்மா இருக்கவில்லை. விசுவாசத்தைக் காட்ட அவர்களில் சிலர் பச்சைக்கும் நின்றார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் மேலிடத்தைக் கேட்டார். விளக்கை மீறுவது குற்றம்தான், ஆனால் கருத்தாக மீறினால் வகைப்பாட்டு அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, மீறுகிறவர்களின் பெயரை மட்டும் கேட்டு எழுதினார்.

மெக்கானிக் வியாழக்கிழமை வேலைக்கு நடுவே வந்து நின்று எண்ணினான். ஒரு சிவப்புக்கு நாற்பது வண்டி வந்தால் பத்தொன்பது நின்றன. இருபத்தொன்று, நின்ற வண்டிகளைச் சுற்றி வளைந்து, முன்னைவிட வேகமாகப் போயின. நின்ற ஸ்கூட்டர் ஒன்றைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார்கள். ஒரு பெரியவர் நின்ற காரை நம்பிச் சாலையில் இறங்கி, நிற்காத வேனைப் பார்த்துப் பின்னால் விழுந்தார். மெக்கானிக் அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு ஃபோனை எடுத்தான். "பாதி வண்டி நிற்கிற விளக்கு, விளக்கே இல்லாததைவிட ஆபத்தாக இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்று பலகையில் எழுதினான்.

இந்தமுறை இரண்டே விநாடி. "தாங்கள் துக்க வியாபாரி. பதில் அளிக்கப்பட்டது."

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஞாயிறு மத்தியானம் அவன் மகளைக் கூட்டிக்கொண்டு போய், எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடவே கூடாது என்று காட்டப் போனான். விளக்கு இருந்த இடத்தில் அவன் மனைவி இருந்தாள். இருபதுக்குப் பத்து. ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் அவள் ஊரையே லேசான பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலத்துக்காக உயிர் நீத்த எங்கள் சகோதரி" என்று எழுதியிருந்தது. மேற்கிலிருந்து வருகிற வண்டிக்கு விளக்கு தெரியவே தெரியாது. சிவப்பு எரிந்தபோது அவள் கழுத்துக்குப் பின்னால் துணி மட்டும் கொஞ்சம் சிவந்தது.

"அம்மா ஏன்பா இவ்ளோ பெருசா இருக்காங்க?" என்றாள் மகள்.

அவன் மகளை நடைபாதையில் பையோடு உட்காரவைத்தான். பக்கத்து பெயின்ட் கடையில் ஏணி வாங்கினான். கம்பத்தில் ஏறி, கட்டுக்கம்பிகளைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக நறுக்கினான். பேனர் சரிந்து இறங்கியது. முகம் மடியாதபடி உள்பக்கமாகச் சுருட்டினான். தூக்க முடியாத கனம். தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்கு மேலே வைத்தான்.

அரைமணியில் மச்சான் ஃபோன் செய்தார். நீங்க எலிதான்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க மாப்ள, நான்தான் கேக்கலை என்று வைத்துவிட்டார். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அலமாரி மேலிருந்த சுருளைப் பார்த்தார்.

திங்கட்கிழமை எட்டேகால். நடைபாதையில் முப்பது பிள்ளைகள், அம்மாக்கள், சில அப்பாக்கள். எல்லோர் கையிலும் ஒரு சின்னக் கை. சிவப்பு விழுந்தது. ஒரு கார் நின்றது, அதன் பக்கத்தில் ஒரு வேன் சீறிக்கொண்டு போனது. எல்லோரும் ஒரு அடி வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பச்சை. மறுபடி சிவப்பு. மறுபடி அதேதான். பள்ளியில் முதல் மணி அடித்தது. கூட்டத்தின் பின்பக்கம் நெருக்க ஆரம்பித்தது. முன்னால் நின்ற பிள்ளைகளின் கால் நடைபாதை விளிம்புக்கு வெளியே இருந்தது. மெக்கானிக் மகளின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான்.

மூன்றாவது சிவப்புக்கு, மேற்கிலிருந்து ஏழாம் நம்பர் வந்தது.

பஸ் நிறைய ஆள். படியில் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஸீட்டில் அப்பா. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது தீர்மானம். நடைபாதையைப் பார்த்தார். பேத்தி, தினமும் மாடியிலிருந்து செய்வது போலவே, கையை ஆட்டினாள்.

பஸ் வேகம் குறைந்தது. இடதுபக்கம் லேசாகத் திரும்பியது. சாலைக்குக் குறுக்கே, இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பிரேக்குகள் கிறீச்சிட்டன, ஹாரன் கிளம்பியது. கண்டக்டர் முன்னால் ஓடிவந்தார்.

"என்னண்ணே, காக்கா விளக்குக்கு நிக்கிறீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"யாருடா விளக்குக்கு நின்னது? வண்டி ஆஃப் ஆயிடுச்சு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன, டயரின் பக்கத்தில் தேங்கிய தண்ணீர்கூட நடுங்கியது. கண்டக்டர் ஒருமுறை கீழே பார்த்தார், ஒருமுறை பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு படியில் தொங்கியவர்களிடம் திரும்பி, "வண்டி ஆஃப்பு," என்றார். அவர்கள் பின்னாலிருந்த லாரிக்குச் சொன்னார்கள். லாரிக்காரர் தன் பின்னால் சொன்னார்.

பிள்ளைகள் கடந்தார்கள். மெக்கானிக் பஸ்ஸின் முகப்புக்கு நேரே மகளைக் கூட்டிப்போனான். அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவர் போல. கடைசிப் பிள்ளை அந்தப்பக்க நடைபாதையில் ஏறியதும் எஞ்சினை உறுமவிட்டார். ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று கண்டக்டர் அறிவித்தார். விசில் கொடுத்தார்.

ஒன்பது மணிக்குப் பலகையில் ஏழாம் நம்பர் ஓட்டுநர் காக்கா என்று வந்துவிட்டது. பத்தரைக்குச் சங்கம் விளக்கம் கேட்டது. எஞ்சின் கோளாறு என்று அவர் எழுதிக்கொடுத்தார். எஞ்சினுக்குத் தரப்பு உண்டா என்று கேட்டு, சங்கம் அதை வகைப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பியது. குழு கூடியிருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றரைக்கு மெக்கானிக் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் அடிக்குழியில் இருந்தான். கையில் டார்ச், காலடியில் தண்ணீர். ஃபோனைக் கண்ணெதிரே ஒரு கொக்கியில் மாட்டியிருந்தான். மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து. கையிலிருந்த நட்டை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மறந்துபோனது. ஐம்பதுக்கு ஃபோன் அடித்தது. அப்பா. அவனிடம் அவர் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"பாப்பா ரோட்டைத் தாண்டி வந்துட்டா," என்றார்.

"சரிப்பா."

"மத்தியானமும் வண்டி ஆஃப் ஆயிடுச்சு. அதே இடம்."

"சரிப்பா."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பின்னாடி வந்ததுல பதினாறு வண்டி ஆஃப் ஆச்சுடா. எல்லாத்துக்கும் ஒரே ரிப்பேர்."